‘வெயிட்டைக் குறைங்க’ என்றதும் எழுந்து வந்துவிடாதீர்கள்: உடல் எடை பற்றி டாக்டரிடம் பேசுவது எப்படி?

அம்மாவுக்கு வயது 58. முழங்கால் வலிக்காக மூன்று வருடத்தில் நான்கு டாக்டர்களிடம் கூட்டிப்போயிருக்கிறேன். நால்வருமே மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, கடைசியில் “வெயிட்டைக் குறைங்கம்மா” என்றார்கள். அம்மாவும் தலையாட்டிவிட்டு வருவார். ஆட்டோவில் ஏறும்போது, “எப்படிக் குறைக்கிறதுன்னு யாருமே சொல்லலையேடி” என்பார்.

ஐந்தாவது முறை முழங்காலைப் பற்றிப் பேசப் போகவில்லை. எடையைப் பற்றிப் பேசவே போனோம். அந்தச் சந்திப்புக்கு என்னென்ன தயார் செய்தோம், உள்ளே போய் என்ன கேட்டோம் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: எடைக்கென்றே ஒரு நாள் போங்கள்

காய்ச்சலுக்குப் போன இடத்தில் “அப்புறம் டாக்டர், வெயிட்டும் ஏறுது” என்று எழுந்திருக்கும்போது சொன்னால், பதிலும் ஒரு வரியில்தான் வரும். டோக்கன் வாங்கும்போதே, “எடையைப் பத்திப் பேசணும், கொஞ்சம் நேரம் ஆகும், எப்ப வந்தா வசதி?” என்று கேளுங்கள். உங்களை ஏற்கெனவே தெரிந்த குடும்ப டாக்டரோ பொது மருத்துவரோ போதும். சர்க்கரை, பி.பி. இருந்தால் அரசு மருத்துவமனையின் தொற்றா நோய்ப் பிரிவில் தொடங்கலாம். தேவைப்பட்டால் ஹார்மோன் கோளாறுகளைப் பார்க்கும் நாளமில்லாச் சுரப்பி நிபுணரிடம் அவர்களே அனுப்புவார்கள்.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. சில நாட்களிலேயே எடை மளமளவென்று ஏறி, கால் வீக்கமும் மூச்சிரைப்பும் சேர்ந்திருந்தால் அது கொழுப்பாக இருக்காது, உடம்பில் நீர் சேர்வதாக இருக்கலாம். அதற்கு நாள் பார்க்காமல் உடனே போய்விடுங்கள்.

படி 2: ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக உழைப்பு வேண்டும். டாக்டருக்குக் கிடைப்பது ஐந்து, பத்து நிமிடம். அதில் பாதி “எப்பலேருந்து? என்ன மாத்திரை?” என்பதிலேயே போய்விடும். அந்தப் பாதியை இந்தத் தாள் மிச்சப்படுத்தும்.

முதலில் அளவுகள். எடையை (கிலோ) உயரத்தால் (மீட்டர்) இரண்டு முறை வகுத்தால் கிடைப்பது பி.எம்.ஐ. அம்மாவின் உயரம் 158 செ.மீ., எடை 74 கிலோ. 74-ஐ 1.58-ஆல் இரண்டு முறை வகுத்தால் 29.6. உலக அளவில் 30-க்கு மேல்தான் உடல் பருமன் என்பார்கள். நமக்கு அந்தக் கோடு கீழே இருக்கிறது: 23-லிருந்து அதிக எடை, 25-லிருந்து உடல் பருமன். அதே பி.எம்.ஐ.யில் நம்மவர்களுக்கு வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம் சேர்வதும், சர்க்கரை நோய் சீக்கிரமே வருவதும்தான் காரணம்.

அதனால் இடுப்புச் சுற்றளவும் முக்கியம். நின்றுகொண்டு, மூச்சை இயல்பாக வெளியே விட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டெய்லர் டேப்பைச் சுற்றுங்கள். பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும். பி.எம்.ஐ. மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது, உறுப்புகளும் அன்றாட வாழ்க்கையும் பாதிக்கப்பட்டிருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் லான்செட் மருத்துவ இதழ்க் குழுமத்தின் சர்வதேச நிபுணர் குழுவும் சொன்னது. ஆகவே மூட்டு வலி, குறட்டை, மாடிப்படி ஏறினால் இரைப்பு, மாதவிடாய்க் கோளாறு என்று இருப்பதையெல்லாம் எழுதுங்கள். குறட்டையோடு பகலில் தூக்கம் சொக்கினால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று சோதிப்பார்கள்.

அடுத்து, எடை ஏறிய கதை. கல்யாணத்தின்போது எவ்வளவு, பிரசவத்துக்குப் பின் எவ்வளவு, எந்த வருடம் திடீரென்று ஏறியது? இதை எழுதும்போதுதான், சர்க்கரை மாத்திரை மாற்றிய பிறகு அம்மாவுக்கு ஆறு கிலோ கூடியிருந்தது எங்களுக்கே தெரிந்தது.

பிறகு மூன்று நாள் சாப்பாடு, உள்ளது உள்ளபடி. “நான் ஒண்ணும் சாப்பிடறதே இல்ல டாக்டர்” என்று அம்மா நான்கு பேரிடமும் சொல்லியிருக்கிறார். அது பொய்யில்லை. அவர் கணக்கில் காபி சாப்பாட்டில் சேராது. நாளைக்கு நான்கு காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஸ்பூனுக்கு 5 கிராம் என்றால் 40 கிராம், 160 கலோரி. எண்ணெயையும் கணக்குப் பாருங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 5 லிட்டர் என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிக்கு மேல், அதாவது எட்டு டீஸ்பூன். அதிலேயே முந்நூறு கலோரிக்கு மேல் வந்துவிடும்.

கடைசியாக, சாப்பிடும் எல்லா மருந்துகளும். அட்டையையே எடுத்துப் போங்கள். ஆன்லைனில் வாங்கிய எடை குறைப்புப் பொடி, யாரோ கொடுத்த சூரணம், எதையும் மறைக்க வேண்டாம்.

படி 3: முதல் வாக்கியம்

உட்கார்ந்ததும் சொல்லுங்கள்: “டாக்டர், இன்னிக்கு எடையைப் பத்தி மட்டும்தான் பேச வந்திருக்கோம். எல்லாத்தையும் இதுல எழுதியிருக்கோம்.” தாளை நீட்டுங்கள். நாங்கள் பார்த்த டாக்டர் அதைப் படித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

படி 4: கேட்க வேண்டியவை

“இதுக்கு வேற காரணம் இருக்குமா?” என்று தொடங்குங்கள். தைராய்டு குறைவு, பி.சி.ஓ.எஸ். எனும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, மனச்சோர்வு, தூக்கக் குறைவு எல்லாமே எடையோடு தொடர்புள்ளவை. என்ன பரிசோதனை தேவை என்பதை டாக்டர் சொல்வார். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, கல்லீரல் பரிசோதனைகள் வழக்கமானவை.

அடுத்து, “இந்த மாத்திரைகள்ல எடையை ஏத்துறது ஏதாவது இருக்கா?” இதைப் பலரும் கேட்பதில்லை. இன்சுலின், சர்க்கரை மாத்திரைகளில் கிளிமிபிரைடு, பையோகிளிட்டசோன், அப்புறம் ஸ்டீராய்டு, வலிப்புக்கும் மனநலத்துக்கும் தரும் சில மருந்துகள் எடையைக் கூட்டக்கூடியவை. அம்மாவின் சர்க்கரை மாத்திரையை டாக்டர் மாற்றியது இந்தக் கேள்விக்குப் பிறகுதான். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீராய்டையும் வலிப்பு மாத்திரையையும் சட்டென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

மூன்றாவது, “எவ்வளவு குறைச்சாப் பலன் தெரியும்?” இருக்கும் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே சர்க்கரையும் பி.பி.யும் இறங்கத் தொடங்கும். 74 கிலோவுக்கு அது 3.7 கிலோதான். “இருபது கிலோ குறைக்கணுமாமே” என்று மலைத்துப்போயிருந்த அம்மா அன்று முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். முழங்கால் வலியோடு என்ன உடற்பயிற்சி செய்யலாம் என்பதையும் அங்கேயே கேளுங்கள்.

படி 5: எடை குறைப்பு ஊசி பற்றிக் கேட்க வேண்டுமா?

தாராளமாகக் கேளுங்கள். மௌஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. வாரம் ஒரு முறை போடுவது. ஆய்வுகளில் ஒன்றே கால் வருடத்துக்கும் மேல் தொடர்ந்தவர்களுக்கு வெகோவியில் சராசரியாக 15 சதவீதமும், மௌஞ்சாரோவின் கூடுதல் அளவில் 20 சதவீதம் வரையும் எடை குறைந்தது. வெகோவியை நிறுத்தியவர்களுக்கு, குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு வருடத்திலேயே திரும்ப ஏறியது. ஆகவே “எனக்குத் தேவையா, எத்தனை காலம், மாதச் செலவு எவ்வளவு?” என்று மூன்றையும் சேர்த்தே கேளுங்கள். குமட்டல், மலச்சிக்கல் வரலாம். கணைய அழற்சி வந்திருந்தாலோ, குடும்பத்தில் தைராய்டு புற்றுநோய் இருந்தாலோ, கர்ப்பத்துக்குத் திட்டமிட்டிருந்தாலோ முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிப் போடுவது வேண்டவே வேண்டாம்.

படி 6: மனம் நோகும்படி பேசினால்

“வாயைக் கட்டுங்க” என்று சொல்லும் டாக்டர்கள் இருக்கிறார்கள். எடை குறையும்போது பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடுகிறது, உடம்பும் எரிக்கும் சக்தியைக் குறைத்துக்கொள்கிறது. இதற்கு மன உறுதியின்மை என்று பெயர் வைப்பது அநியாயம். “முயற்சி பண்ணிட்டுத்தான் இருக்கேன் டாக்டர். எங்க தடுக்குதுன்னு பார்த்துச் சொல்லுங்க” என்று நிதானமாகச் சொல்லுங்கள். அப்படியும் மாறவில்லையென்றால் வேறு டாக்டரைப் பார்ப்பதில் தவறே இல்லை. வராந்தாவில் எடை பார்க்கும் நர்ஸிடம், “சத்தமாச் சொல்லாம எழுதிக்குங்க சிஸ்டர்” என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

படி 7: எழுந்திருக்கும் முன்

புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லுங்கள்: “காபியில சர்க்கரை வேணாம், ராத்திரி சோத்தைப் பாதியாக் குறைக்கணும், தினம் இருபது நிமிஷம் சமதரையில நடக்கணும், சரியா டாக்டர்?” அடுத்து வர வேண்டிய தேதியைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். உணவியல் நிபுணர் இருந்தால் அவரிடம் அனுப்பச் சொல்லுங்கள்.

அந்தத் தேதியில் எடை குறையாவிட்டாலும் போங்கள். முதல் மாதம் 800 கிராம்தான் இறங்கியது என்று அம்மா வர மறுத்தார், “டாக்டர் முகத்துல எப்படி முழிக்கிறது” என்று. வற்புறுத்திக் கூட்டிப்போனேன். டாக்டர் எடையைக் குறித்துக்கொண்டு இடுப்பை அளந்தார், மூன்று செ.மீ. குறைந்திருந்தது. நடைப்பயிற்சியை மட்டும் மாற்றிக் கொடுத்து, அடுத்த தேதியை எழுதினார்.