பதற்ற நோய்: புதிய மருத்துவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் தலைமுறை செய்த தவறுகளையே இப்போது ஓபியில் உட்காரும் இளம் மருத்துவர்களும் செய்கிறார்கள். எல்லோருக்கும் தெரிந்ததை விட்டுவிட்டு, நோயாளிக்குக் கெடுதல் செய்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

இ.சி.ஜி. சரியாக இருந்ததும் பேச்சை முடிப்பது

படபடப்பு, மூச்சுமுட்டல் என்று வந்தவரிடம் "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்றால், அவர் வேறொரு மருத்துவரிடம் போய் அதே இ.சி.ஜி.யை மறுபடி எடுப்பார். பதற்றத்தின் அளவைக் கணக்கிடும் ஜி.ஏ.டி-7 வினாத்தாளில் ஏழே கேள்விகள்தான். 21க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாக விசாரியுங்கள். மதிப்பெண்ணை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்டவும் கூடாது.

தைராய்டு, மது, காபி பற்றி யோசிக்காமல் இருப்பது

இவையும் படபடப்பைத் தரலாம், கேட்காமல் விட வேண்டாம்.

அல்பிரசோலத்தை மட்டும் எழுதிக் கொடுப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. சின்ன மாத்திரை, சீக்கிரமே படபடப்பு அடங்கிவிடும், நோயாளியும் நிம்மதியாகப் போவார். ஆனால் சுமார் 11 மணி நேரத்தில் ரத்தத்தில் மருந்து பாதியாகிவிடும். சில வாரங்கள் பழகிய உடம்பில், மருந்து இறங்க இறங்கப் பதற்றம் திரும்ப ஏறும்.

ஒரு பெண்மணிக்கு வருடக்கணக்கில் அதே சீட்டையே புதுப்பித்துக் கொடுத்திருந்தார்கள். பர்ஸைத் திறந்து காட்டினார். பாதியாக உடைத்த மாத்திரைகள், தனித்தனிக் காகிதத்தில், ஒவ்வொன்றின் மேலும் பேனாவால் எழுதிய நேரம். விடியற்காலையில் நடுக்கத்தோடு விழிப்பு வருகிறதாம். அவரைப் பார்த்த இளம் மருத்துவர் நோய் முற்றிவிட்டது என்று அளவைக் கூட்டியிருந்தார். அது நோய் முற்றியதல்ல, இரண்டு வேளைக்கு நடுவே மருந்து இறங்கியதால் வந்த நடுக்கம். சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்து, வலிப்பே வரலாம். பல மாதங்கள் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க முடிந்தது. அத்தனை அவஸ்தையும் அவருக்கு வந்திருக்கவே வேண்டியதில்லை.

எழுதியே தீர வேண்டுமென்றால் 2 முதல் 4 வாரம்தான். நிறுத்தும் தேதியை முதல் நாளே சொல்லிவிடுங்கள். கூடவே எஸ்.எஸ்.ஆர்.ஐ. (மூளையில் செரோடோனினைக் கூட்டும் மருந்து வகை) மருந்தையோ சி.பி.டி. என்ற பேச்சு சிகிச்சையையோ தொடங்குங்கள். மது குடிப்பவருக்கும் மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலிமருந்து எடுப்பவருக்கும் இதைக் கொடுத்தால் மூச்சே அடங்கிவிடலாம்.

எஸ்.எஸ்.ஆர்.ஐ. பற்றி முன்கூட்டியே சொல்லாதது

முதல் ஓரிரு வாரம் படபடப்பு கூடலாம். அதைச் சொல்லாவிட்டால் மூன்றாம் நாளே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். இந்த வகையைச் சேர்ந்த செர்ட்ராலைன் என்றால் 25 மி.கி.யில் தொடங்குங்கள். பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். குணமான பிறகும் குறைந்தது 6 மாதமாவது தொடர வேண்டும்.

தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்கத் தயங்குவது

நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியாக அனுப்பாமல், அன்றே மனநல மருத்துவரிடம் பேசுங்கள்.