பழைய பைக்கில் ஆயில் மாற்றும் நேரம் எப்போது?

ஆயில் கருத்துவிட்டது என்பதற்காக மட்டும் மாற்ற வேண்டாம். அழுக்கைத் தன்னுள் இழுத்துக்கொள்வதால் நல்ல ஆயிலும் கருக்கும். சூடான எஞ்சினை அணைத்து 3 நிமிடம் விட்டு, வண்டியை நேராக நிறுத்தி, டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) வரும் ஒரு சொட்டை இரு விரல்களுக்கிடையே தேயுங்கள். வழுவழுப்பே இல்லாமல் தண்ணீர் போலிருந்தாலோ, நெறுநெறுத்தாலோ உடனே மாற்றுங்கள். பால் கலந்த டீ நிறம் என்றால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. பெட்ரோல் வாடை அடித்தால் பெரும்பாலும் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஃப்ளோட் ஊசி கசிகிறது. அதைச் சரிசெய்யாமல் புது ஆயில் ஊற்றுவது வீண்.

பெரும்பாலான பைக்குகளில் கியர்பாக்ஸுக்கும் அதே ஆயில்தான். அதனால் கியர் கடினமாக விழுவதும், நின்ற இடத்தில் நியூட்ரல் சிக்காததும் முதலில் தெரியும் அறிகுறிகள். மினரல் ஆயிலுக்கு (சிந்தெடிக் அல்லாத சாதாரண ஆயில்) 2,500 கி.மீ. அல்லது 6 மாதம், எது முந்துகிறதோ அதுவே கணக்கு. பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போட மறக்காதீர்கள்.