எம்இபி கம்பெனியில் சேருகிறவர்களுக்கு: முதல் கட்டடத்தை முடித்துவிட்டு நகருங்கள்

மெக்கானிக்கலோ ட்ரிபிள்ஈயோ முடித்துவிட்டு, ஐடியும் வேண்டாம், ஃபேக்டரி ஷிஃப்டும் வேண்டாம் என்று உட்கார்ந்திருக்கும் பையனிடம் யாராவது ஒரு சீனியர் "எம்இபி பக்கம் வாடா" என்று சொல்லியிருப்பார். ஒரு கட்டடத்தில் தூண், தளம், சுவர் போக மிச்சம் இருப்பதில் பெரும்பங்கு எம்இபி, அதாவது மெக்கானிக்கல், எலெக்ட்ரிகல், பிளம்பிங்தான். ஏசி, கரண்ட், தண்ணீர், கழிவுநீர், தீயணைப்பு, அப்புறம் ஃபயர் அலாரம், சிசிடிவி மாதிரி லோ வோல்டேஜ் சமாச்சாரங்கள், இதையெல்லாம் ஒரே ஸ்கிரீனில் பார்க்க வைக்கும் பிஎம்எஸ். ஓஎம்ஆர் ஐடி பார்க், அம்பத்தூர், சிறுசேரிப் பக்கத்து டேட்டா சென்டர், பெரிய ஆஸ்பத்திரி என்று எங்கே போனாலும் இந்த வேலை இருக்கிறது. ஆனால் ஐந்தாறு கம்பெனி மாறிய பிறகும் அதே சைட் இன்ஜினியராகவே நிற்கிறவர்களும் இங்கே நிறைய. அதற்கு முக்கியமான காரணம் ஒன்றுதான்: ஒரு கட்டடத்தையாவது தொடக்கத்திலிருந்து ஒப்படைப்புவரை அவர்கள் பார்த்ததே இல்லை.

முதலில் எந்த மாதிரிக் கம்பெனி என்று பாருங்கள். கன்சல்டன்ட் டிசைன் போடுவார், கான்ட்ராக்டர் அதைச் சைட்டில் மாட்டுவதற்கான ஷாப் டிராயிங் ஆக்கி, பொருள் வாங்கி, ஆள் வைத்து மாட்டி, ஓட்டிக் காட்டுவார். ப்ராஜெக்ட்டை நிர்வகிக்கும் பிஎம்சி இருவரையும் மேற்பார்க்கும். கட்டடம் முடிந்தபிறகு பராமரிப்பது எஃப்எம் கம்பெனி. புதிதாக வருகிறவர்களில் பலருக்கு கன்சல்டன்ட் ஆபீஸ்தான் ஆசை, ஏசி அறை, சனிக்கிழமை லீவு, வெயில் இல்லை. என்னைக் கேட்டால் முதல் இரண்டு மூன்று வருடம் கான்ட்ராக்டரிடம்தான் போக வேண்டும். சீலிங்குக்குள் ஏசி காற்று போகும் டக்ட் எப்படி நுழைகிறது என்று கண்ணால் பார்க்காதவர் போடும் டிசைனை சைட்டில் என்ன பாடு படுத்துவார்கள் என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். எஃப்எம்மிலிருந்து ப்ராஜெக்ட் பக்கம் வருவது முடியாதது இல்லை, ஆனால் சிரமம். அதை முதல் வேலையாக எடுக்கும்போது யோசித்து எடுங்கள்.

சேருவதற்கு முன்னால் "எம்இபி கோர்ஸ்" விளம்பரங்கள் கண்ணில் படும், நூறு சதவீதம் ப்ளேஸ்மென்ட் என்று. ஆட்டோகேடும் ரெவிட்டும் கற்றுக்கொள்ள ஒரு கோர்ஸ் போவதில் தப்பில்லை, ஆனால் கடன் வாங்கிக் கட்டும் அளவுக்கு அங்கே எதுவும் இல்லை. அதைவிட வீட்டில் உட்கார்ந்து ஒரு ஹாலிலிருந்து ஏசி எவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற வேண்டும் என்கிற ஹீட் லோட் கையால் போட்டுப் பாருங்கள், சாஃப்ட்வேர் இல்லாமல், ஈ-20 என்ற கணக்குத் தாளில். ஒரு டன் என்றால் மணிக்கு 12,000 பிடியூ, கிட்டத்தட்ட 3.5 கிலோவாட். ஒரு டன்னுக்கு 400 சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு 400 கன அடி காற்று என்பது எல்லோரும் சொல்லும் தோராயக் கணக்கு. நூறு சதவீதம் வெளிக்காற்று தள்ளும் ஆபரேஷன் தியேட்டருக்கு அது ஏன் ஒத்து வராது என்று இன்டர்வியூவில் விளக்கத் தெரிந்தால் பாதி கிணறு தாண்டிவிட்டீர்கள். சென்னையில் வெயிலை விடக் காற்றில் இருக்கும் ஈரம்தான் ஏசியைப் பிழிந்தெடுக்கிறது, லேட்டன்ட் லோட் என்று பாடப்புத்தகத்தில் படித்தது இதுதான். எலெக்ட்ரிகல்காரர்கள் என்றால் கேபிள் சைஸ், வோல்டேஜ் டிராப், எர்த்திங் மூன்றும் தலைகீழாகத் தெரிந்திருக்க வேண்டும்.

சைட்டில் முதல் நாட்கள்

ஸ்லாப் போடுவதற்கு முந்தைய ராத்திரிதான் உங்கள் முதல் பரீட்சை. கம்பி கட்டி முடித்திருப்பார்கள், விடிந்தால் கான்கிரீட் பம்ப் வந்துவிடும், சிவில்காரர் "சீக்கிரம் கையெழுத்துப் போடுங்க சார்" என்று நிற்பார். அந்த நேரத்தில் டிராயிங்கைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் பைப் போக ஓட்டை விடும் ஒவ்வொரு ஸ்லீவும் கிரிட் லைனிலிருந்து சொன்ன தூரத்தில் இருக்கிறதா என்று டேப் பிடித்துப் பாருங்கள். ஒயர் போகும் கான்ட்யூட் பைப் ஜாயின்ட்டில் சொல்யூஷன் போட்டிருக்கிறார்களா, ஜங்ஷன் பாக்ஸின் வாய் அடைத்திருக்கிறதா, கம்பியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் வைப்ரேட்டர் போடும்போது பைப் கழன்று உள்ளே சிமென்ட் பால் இறங்கிவிடும், அப்புறம் அந்த லைனில் ஒயர் இழுக்கவே முடியாது. டேப்பை வைத்தபடியே போட்டோ எடுங்கள், எண் படத்தில் தெரிய வேண்டும். ஆறு மாதம் கழித்து "ஸ்லீவே வைக்கவில்லை" என்று ஒரு மெயில் வரும்போது அந்தப் போட்டோதான் பேசும்.

விட்டுப்போன ஓட்டைக்குக் கான்கிரீட்டைத் துளைக்கும் கோர் கட்டிங் இருக்கிறதே என்று சாதாரணமாகச் சொல்வார்கள். ஆபீஸ் கட்டடங்களில் நிறைய இடத்தில் இப்போது பிடி ஸ்லாப், அதாவது இழுத்து இறுக்கிய டெண்டன் என்ற எஃகு வடம் உள்ளே ஓடுகிற தளம். எங்கே ஓடுகிறது என்று ஸ்கேன் பண்ணாமல், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் எழுத்தில் அனுமதி தராமல் அங்கே துளை போட்டால் ஆள் உயிருக்கே ஆபத்து. எவ்வளவு அவசரம் என்றாலும், யார் சொன்னாலும், இந்த ஒரு விஷயத்தில் வளைந்து கொடுக்காதீர்கள்.

அடுத்தது சீலிங்குக்குள் நடக்கும் இடச் சண்டை. டக்ட், ஏசிக்குக் குளிர்ந்த தண்ணீர் போகும் சில்டு வாட்டர் பைப், தீயில் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர், கேபிள் ட்ரே, டிரெய்ன் லைன் எல்லாவற்றுக்கும் ஒரே இடுக்குதான். இதில் முதல் உரிமை டிரெய்ன் லைனுக்கு, ஏனென்றால் அது சரிவில்தான் ஓடும். நூற்றுக்கு ஒன்று சரிவு என்றால் 20 மீட்டர் போவதற்குள் 20 சென்டிமீட்டர் இறங்கிவிடும். டக்டைத் தட்டையாக்கலாம், பைப்பை வளைக்கலாம், கழிவுநீரை மேட்டில் ஏறச் சொல்ல முடியாது. கேபிள் ட்ரே தண்ணீர்ப் பைப்புக்கு மேலே இருக்க வேண்டும். இன்றைக்கு ரெவிட், நேவிஸ்வொர்க்ஸில் எது எதோடு மோதுகிறது என்று கிளாஷ் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள், ஆனாலும் மாடலில் காட்டாத பீம் ஒன்று சைட்டில் எப்படியும் முளைத்து நிற்கும்.

ஃபோர்மேனிடம் பணிவாக இருங்கள். உங்களைவிடக் குறைந்த சம்பளத்தில், உங்களைவிட நாலு மடங்கு விஷயம் தெரிந்த மனிதர் அவர். "அண்ணே, இந்த வால்வை ஏன் இந்தப் பக்கம் திருப்பினீங்க" என்று கேட்டால் சொல்லித் தருவார், அதட்டினால் வாயே திறக்கமாட்டார். சென்னை சைட்டுகளில் பிட்டர், ஹெல்பர் நிறையப் பேர் பீகார், ஒடிசா, வங்காளத்துக்காரர்கள், அதனால் அரசியல் என்னவாக இருந்தாலும் கொஞ்சம் சைட் ஹிந்தி ஒட்டிக்கொள்ளட்டும், வளைகுடாவிலும் அதுதான் ஓடும்.

அப்புறம் பேப்பர். சலிப்பாக இருக்கும், ஆனால் சம்பள உயர்வு இங்கேதான் ஒளிந்திருக்கிறது. வேலை, அளவு, விலைப் பட்டியலான பிஓக்யூவில் என்ன எழுதியிருக்கிறது, அளவு எடுத்து ஜாயின்ட் மெஷர்மென்ட்டில் கையெழுத்து வாங்குவது எப்படி, வேலை நடக்க நடக்கக் கொடுக்கும் ஆர்ஏ பில் எப்படிப் போடுவது, பிஓக்யூவில் இல்லாத வேலையைச் செய்யச் சொன்னால் முதலில் எழுத்தில் எப்படிக் கேட்பது, இவ்வளவும் தெரிந்த இன்ஜினியரைக் கம்பெனி எளிதில் விடாது. பைப் மாட்டத் தெரிந்தவர்கள் நிறைய, மாட்டிய பைப்புக்குப் பணம் வாங்கித் தரத் தெரிந்தவர்கள் கொஞ்சம்.

டெஸ்டிங் வரும்போது ஓடாதீர்கள்

கட்டடம் எண்பது சதவீதம் முடிந்திருக்கும், வேறு கம்பெனியிலிருந்து கொஞ்சம் அதிகச் சம்பளத்தில் ஆஃபர் வரும், பலர் போய்விடுவார்கள். புது இடத்தில் மறுபடி ஸ்லீவிலிருந்து ஆரம்பம். இப்படி மூன்று தடவை போனால் அனுபவம் ஏழு வருடம் என்று பயோடேட்டாவில் இருக்கும், மாட்டியதை ஓட்டிச் சோதித்து ஒப்படைக்கும் கமிஷனிங் பற்றி ஒரு கேள்வி கேட்டால் முழி பிதுங்கும்.

உண்மையில் இன்ஜினியரிங் ஆரம்பிப்பதே கடைசிக் கட்டத்தில்தான். ஸ்பிரிங்க்ளர் லைனை என்எஃப்பிஏ 13 என்ற அமெரிக்கத் தீயணைப்பு விதிப்படி 200 பிஎஸ்ஐயில் இரண்டு மணி நேரம் நிறுத்தி வைப்பார்கள், முள் ஒரு கோடு இறங்கினாலும் ஒவ்வொரு ஜாயின்ட்டாகத் தடவிக்கொண்டே போக வேண்டும். சில்டு வாட்டர் லைனை ஃப்ளஷ் பண்ணும்போது ஸ்ட்ரெய்னரைக் கழற்றிப் பாருங்கள், வெல்டிங் கசடு, மண், சமயத்தில் கையுறைகூட வரும். அப்புறம் கேபிளின் இன்சுலேஷனைச் சோதிக்க மெக்கர், டக்ட்டுக்கு ஏர் பேலன்சிங், சில்லர் 7 டிகிரியில் தண்ணீர் அனுப்பி 12 டிகிரியில் திரும்ப வாங்குகிறதா என்று பார்ப்பது.

இதற்கெல்லாம் உச்சம் மொத்தக் கட்டடத்தையும் சேர்த்துச் சோதிக்கிற நாள். ஈபி கரண்டை வேண்டுமென்றே நிறுத்துவார்கள், ஜெனரேட்டர் எழுந்து லோடை எடுக்க வேண்டும். ஒரு மாடியில் டிடெக்டருக்குப் புகை காட்டினால் அந்தப் பகுதிக்கு ஏசி காற்று தள்ளும் ஏஎச்யூ நிற்க வேண்டும், புகை நுழையாமல் படிக்கட்டுக்குள் காற்றழுத்தம் ஏற்றும் ப்ரெஷரைசேஷன் ஃபேன் ஓட வேண்டும், லிஃப்ட் தரைத்தளத்துக்கு வந்து கதவைத் திறந்து நிற்க வேண்டும், ஆக்சஸ் கன்ட்ரோல் கதவுகள் விட்டுக்கொடுக்க வேண்டும். ஃபேன் ஓடும்போது படிக்கட்டுக் கதவை ஒரு வயதானவர் தள்ளித் திறக்க முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும், காற்றழுத்தம் அதிகமானால் திறக்காது. முதல் தடவையிலேயே எல்லாம் ஒழுங்காக நடந்து நான் பார்த்ததில்லை. எது ஏன் நடக்கவில்லை என்று எலெக்ட்ரிகல், ஏசி, பிஎம்எஸ், லிஃப்ட்காரர்கள் ஒருவரையொருவர் கைகாட்டும் அந்த நாட்களில் கற்றுக்கொள்வது வேறு எங்கேயும் கிடைக்காது. அரசு மின் ஆய்வாளரான சிஇஐஜி ஒப்புதல், ஃபயர் என்ஓசி, சிஎம்டிஏ நிறைவுச் சான்று எல்லாம் எந்த வரிசையில், எந்தக் காகிதத்துக்காக இழுக்கிறது என்பதும் அப்போதுதான் புரியும்.

இப்படி ஒன்று முடித்தபிறகு வழி பிரியும். கணக்கு பிடித்தால் டிசைன், கம்ப்யூட்டர் பிடித்தால் கட்டடத்தை 3டி மாடலாக்கும் பிம், பேரம் பிடித்தால் டெண்டர், பில்லிங். கமிஷனிங் பிடித்துப்போனவர்கள் டேட்டா சென்டர் பக்கம் பாருங்கள், அங்கே ஒரு நிமிடம்கூடக் கரண்டும் குளிர்ச்சியும் நிற்கக் கூடாது என்பதால் டெஸ்டிங் தெரிந்தவர்களுக்குத் தனி மரியாதை. சான்றிதழ்களில் பசுமைக் கட்டடத்துக்கான ஐஜிபிசி ஏபி எடுக்கலாம், வளைகுடா எண்ணம் இருந்தால் அதே மாதிரியான லீட், ஆற்றல் தணிக்கையில் ஆசை இருந்தால் பிஇஇ தேர்வு. படிக்கும்போதே ஏசி இன்ஜினியர்கள் சங்கமான இஷ்ரேயின் மாணவர் கிளையில் சேர்ந்தால் ஆட்கள் பழக்கமாவார்கள். சான்றிதழ் மட்டும் சேர்த்துக்கொண்டே போவது வீண்.

வளைகுடா நமக்குப் புதிய ஊர் இல்லை. கீழக்கரைக்காரரான பி.எஸ். அப்துர் ரஹ்மான் 1973ல் துபாயில் தொடங்கிய ஈடிஏ, வோல்டாஸும் ஹிட்டாச்சியும் சேர்ந்த கூட்டணியில் புர்ஜ் கலீஃபாவின் எம்இபி வேலையைச் செய்தது. போகிறவர்கள் டிகிரி அட்டெஸ்டேஷனை ஆஃபர் வருவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுங்கள். கத்தார் என்றால் இன்ஜினியராகப் பதிவு செய்ய யூபிடிஏ தேர்வு, சவூதி என்றால் இன்ஜினியர்ஸ் கவுன்சில் பதிவு. விசாவில் என்ன பதவி எழுதியிருக்கிறது என்று பாருங்கள், டெக்னீஷியன் என்று இருந்தால் அப்போதே கேளுங்கள். பேசிக் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு என்றும் பிரித்துக் கேளுங்கள், ஏனென்றால் துபாயில் கிராஜுவிட்டி பேசிக்கை வைத்துத்தான். ஏஜென்ட் மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பதிவு செய்தவரா என்று பார்த்துவிட்டு, அவர் கட்டணத்துக்குச் சட்டப்படி 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் உச்சவரம்பு என்பதை நினைவில் வைத்துப் பேசுங்கள்.

இங்கேயே கம்பெனி மாறுவதானால், சம்பளம் தேதிக்கு வருகிறதா என்பதை எச்ஆரிடம் கேட்காதீர்கள். அந்தக் கம்பெனியின் சைட் வாசலில் இருக்கும் டீக்கடையில் நின்று, சப் கான்ட்ராக்டரின் ஆட்களிடம் பேச்சுக் கொடுங்கள். கிளையன்ட் பில்லை இழுத்தடித்தால் முதலில் அடிபடுவது அவர்கள்தான், அடுத்த மாதம் உங்கள் முறை. கிளம்பும்போது எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரில் ப்ராஜெக்ட் பெயர், எத்தனை டன், எத்தனை கேவிஏ, நீங்கள் பார்த்த வேலை கமிஷனிங்வரையா என்பதெல்லாம் எழுதி வாங்குங்கள், பின்னால் போய்க் கேட்டால் அந்த மேனேஜரே அங்கே இருக்கமாட்டார். பிஎஃப் பணத்தை எடுத்துவிடாதீர்கள், யூஏஎன் என்கிற அதே பிஎஃப் எண்ணில் புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஐந்து வருட சர்வீஸ் ஆவதற்குள் எடுத்தால் வரி போடுவார்கள்.