சத்துணவு அரிசிக் கணக்கை ஊர்க்காரர்களே சரிபார்ப்பது எப்படி?

பள்ளிக்கூடத்துச் சத்துணவில் ஏதோ சரியில்லை என்று பட்டால் உடனே கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதிவிடாதீர்கள். முதலில் ஒரு மாதக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், ஒரே ஒரு மாதம். நான் முதல் தடவை ஐந்து வருட ஆவணம் எல்லாம் வேண்டும் என்று கேட்டு, கட்டுக் கட்டாக வந்த காகிதத்தில் எங்கே தொடங்குவதென்று தெரியாமல் விட்டுவிட்டேன். அந்தப் பிள்ளைகளுக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை.

அளவு இதுதான்: ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் அரிசி, ஆறு முதல் எட்டு வரை 150 கிராம். சின்ன வகுப்பில் 40 பேரும் பெரிய வகுப்பில் 20 பேரும் சாப்பிட்டிருந்தால் 4 கிலோவும் 3 கிலோவும், ஆக 7 கிலோ. இருப்புப் பதிவேட்டில் அன்றைக்கு 9 கிலோ கழித்திருந்தால் கணக்கு உதைக்கிறது.

இன்னொன்று, பள்ளி வருகைப் பதிவேட்டை எழுதுவது ஆசிரியர், சாப்பிட்டவர் எண்ணிக்கையை எழுதுவது சத்துணவு அமைப்பாளர். இரண்டு கை எழுதுவதால்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. வந்த பிள்ளைகளில் சிலர் சாப்பிடாமல் இருக்கலாம், ஆனால் வராத பிள்ளை சாப்பிட்டிருக்க முடியாது.

எந்த மாதத்தை எடுப்பது? இங்கேதான் நம்ம திருநெல்வேலிப் பக்கத்து ஊர் அறிவு கைகொடுக்கும். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடில் போட்டுத் தங்கக் குடும்பம் குடும்பமாக மலையேறிவிடுவார்கள், பாபநாசம், விக்கிரமசிங்கபுரம் பக்கத்து வகுப்புகள் அப்போது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவும் அப்படித்தான், செவ்வாய்க்கிழமை கொடை என்றால் புதன்கிழமை எத்தனை பிள்ளை வரும்? அந்த நாட்களிலும் சாப்பிட்டவர் எண்ணிக்கை அசையாமல் நின்றால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நெல்லையப்பர் ஆனித் தேருக்கு உள்ளூர் விடுமுறை விட்ட நாளில் அது பூஜ்யமாகத்தான் இருக்க வேண்டும்.

சரி, பதிவேட்டை எப்படிப் பார்ப்பது? பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், அதில் ஒருவர் கூட வந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி எழுதுங்கள். நகல் கேட்பதைவிட ‘நேரில் பார்வையிட வேண்டும்’ என்று கேட்பது நல்லது, முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. பிள்ளைகளின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும் என்றும் சேர்த்து எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. காலை உணவுத் திட்டம் 2022இல் வந்தது, அதன் கணக்கு வேறு, இதோடு கலக்காதீர்கள்.

அப்புறம், கணக்கு உதைத்தால் முதலில் அமைப்பாளர் அக்காவிடமே போய்ப் பேசுங்கள். “எக்கா, மூட்டை இறங்கும்போது எடை போட்டீங்களா?” என்று கேளுங்கள். மூட்டையே எடை குறைவாக வந்து இறங்கியிருக்கலாம், அதைச் சரிக்கட்டத்தான் அந்தம்மா எண்ணிக்கையைக் கூட்டி எழுதியிருக்கலாம். கடைசிப் படியில் நிற்கிறவர் மேல் பழியைப் போட்டுவிட்டு வருவது பெரிய அநியாயம். கடை அண்ணாச்சியிடம் தராசை வாங்கி, அடுத்த லோடு வரும் நாளில் குழுவில் இரண்டு பேராவது நின்று எடை போடுங்கள், குறைவை அங்கேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

அதோடு கிராம சபைக்குப் போகலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இதில் எது முதலில் வருகிறதோ அது. தேதி, வந்த பிள்ளைகள், சாப்பிட்டதாக எழுதியது, கழித்த அரிசி, இந்த நாலையும் வாசித்தால் போதும். அது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.