பெற்றோர் காவலில் போனால் பிள்ளை யாரிடம்? அமெரிக்காவில் நாங்கள் தயார் செய்த கோப்பு

குடியேற்றத் துறை பெற்றோரை அழைத்துப் போய்விட்டால், அன்று மாலை பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் கூட்டி வருவது? நாங்கள் முதலில் சரிசெய்தது அதைத்தான். அவசரத் தொடர்பு அட்டையில் பெயர் இல்லாதவரிடம் பள்ளிகள் பிள்ளையை அனுப்புவதில்லை. வக்கீல், கோர்ட் எல்லாம் அப்புறம்; முதலில் குடியுரிமை உள்ள இருவரின் பெயரை அதில் சேருங்கள்.

அடுத்து, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இன்னொருவருக்கு உரிமை தரும் அதிகாரப் பத்திரம். இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவின் பராமரிப்பாளர் உறுதிமொழிப் படிவத்துக்குப் பெற்றோர் கையெழுத்தோ நோட்டரியோ தேவையில்லை. ஆனால் உறவினர் அல்லாதவர் அதை வைத்துப் பள்ளியில் சேர்க்கலாம், பள்ளி சார்ந்த மருத்துவத்துக்குச் சம்மதிக்கலாம், அவ்வளவுதான். நியூயார்க்கில் பெற்றோர் நோட்டரி முன் கையெழுத்திட்டால் பத்திரம் 12 மாதம் வரை செல்லும். இல்லாவிட்டால் 30 நாள். பலர் கோட்டைவிடுவது இந்தக் காலாவதித் தேதியில்தான். நியூயார்க்கில் 2018 முதல், குடியேற்றக் காவல் நேர்ந்தால் பொறுப்பேற்கும் காப்பாளரையும் முன்கூட்டியே நியமிக்கலாம். நெருங்கிய உறவு அருகில் இல்லாத நம்மவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

பிள்ளையின் அமெரிக்க பாஸ்போர்ட்டை இப்போதே எடுத்துவிடுங்கள். 16 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் இருவர் சம்மதமும் வேண்டும். நேரில் வராதவர் டிஎஸ்-3053 என்ற சம்மதப் படிவத்தை நோட்டரி முன் கையெழுத்திட்டு, அடையாள அட்டையின் இருபக்க நகலோடு தர வேண்டும். காவலில் இருந்துகொண்டு நோட்டரியைத் தேடுவது பெரும்பாடு.

காப்பாளரிடம் பெற்றோரின் ஏ-நம்பரும் (குடியேற்றத் துறை தரும் அடையாள எண்) இருக்கட்டும். காவலில் உள்ளவரைத் தேடும் அரசு இணையதளம் 9 இலக்கம் கேட்கும். 8 இருந்தால் முன்னால் 0 சேருங்கள். பெயரால் தேடினால் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். தனிப்பெயர்க்காரர்களுக்கு விசாவில் 'எஃப்என்யூ' (FNU, முதல் பெயர் தெரியவில்லை) என்று விழுந்திருக்கும். அதையும் அப்படியே எழுதிக் கொடுங்கள்.