அக்ரோமெகலி உள்ளவருக்குக் கோலோனோஸ்கோபி: குடலைச் சுத்தமாக்கும் முறை

அக்ரோமெகலி (குரோத் ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கும் நோய்) என்று தெரிந்துவிட்டால், கேமரா குழாயை உள்ளே விட்டுப் பார்க்கும் கோலோனோஸ்கோபியில் குடலையும் பார்த்தாக வேண்டும். குரோத் ஹார்மோனும் அதன் தூண்டலால் உருவாகும் ஐ.ஜி.எஃப்-1-உம் ரத்தத்தில் கூடிக் கிடக்கும்போது பெருங்குடலில் பாலிப் (உள்சுவரில் முளைக்கும் சிறு கட்டி) வளரும் வாய்ப்பும் கூடுகிறது. மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊரிலிருந்து ஈப்போ வரை போகிறவர்களுக்குச் சுத்தம் போதாமல் திரும்பி வருவது பெரிய அலைச்சல். அதைத் தவிர்க்கத்தான் இது.

1. எதைக் கேட்பது
கிளினிக்கில் 50 வயதுக்கு மேல் தரும் மலப் பரிசோதனை இவர்களுக்குப் போதாது. வலப்பக்கக் குடலிலும் பாலிப் இருக்கலாம் என்பதால் முழு கோலோனோஸ்கோபியே கேளுங்கள். 2010 பிரிட்டிஷ் வழிகாட்டி 40 வயதில் தொடங்கச் சொல்கிறது. அடினோமா (புற்றுநோயாக மாறக்கூடிய வகைப் பாலிப்) இருந்தாலோ ஐ.ஜி.எஃப்-1 குறையாவிட்டாலோ 3 வருடத்துக்கு ஒருமுறை, இல்லையென்றால் 5 முதல் 10 வருடத்துக்கு ஒருமுறை.

2. மருந்துப் பட்டியல்
இரும்புச் சத்து மாத்திரையை 7 நாளுக்கு முன்பே நிறுத்துவார்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, இன்சுலின், மெட்ஃபார்மின் மூன்றுக்கும் என்ன செய்வது என்று எழுதி வாங்குங்கள். பிட்யூட்டரி (குரோத் ஹார்மோனைச் சுரக்கும் மூளையடிச் சுரப்பி) அறுவைக்குப் பிறகு ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர் அதை நிறுத்தவே கூடாது. பேதியில் மாத்திரை உடம்பில் நிற்காமல் போகலாம், நீரும் வற்றும். கூடுதல் டோஸும் ஊசியும் தேவைப்படும், சிலரை முந்தின நாளே வார்டில் சேர்ப்பார்கள். சிறுநீர் அளவுக்கு மீறிப் போகாமலிருக்க டெஸ்மோபிரெசின் எடுப்பவர் வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்தால் சோடியம் ஆபத்தான அளவுக்கு இறங்கும். இதை டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.

3. சாப்பாடு
மூன்று நாள்: வெள்ளைச் சோறு, இடியாப்பம், வெள்ளை ரொட்டி, முட்டை, மீன். கீரை, பருப்பு, கச்சான், கொய்யா, ஆட்டா சப்பாத்தி வேண்டாம். கடைசி நாள் தெளிந்த நீர் ஆகாரம் மட்டும்: தே ஓ (பால் சேர்க்காத தேநீர்), வடிகட்டிய சூப், இளநீர். மைலோவும் சிவப்பு சிரப்பும் கூடாது. சிவப்பு நிறம் குடலுக்குள் ரத்தம் மாதிரித் தெரியும்.

4. பேதி மருந்து
தவறு நடப்பது இங்கேதான். அக்ரோமெகலியில் பெருங்குடல் நீண்டு, மடிந்து, மெதுவாக நகரும். மற்றவர்களுக்குப் போதுமான மருந்து இவர்களுக்குப் பாதி வேலைதான் செய்யும். "இது அக்ரோமெகலி கேஸ், அளவைக் கூட்ட வேண்டுமா?" என்று தேதி வாங்கும்போதே கேளுங்கள். நீங்களாகக் கூட்டாதீர்கள்.

ஃபோர்ட்ரான்ஸ் என்ற பேதிப் பொடி என்றால் ஒரு பைக்கு 1 லிட்டர் தண்ணீர். குளிரவைத்து, 15 நிமிடத்துக்கு ஒரு கிளாஸ் வீதம் குடித்தால் 1 லிட்டர் ஒரு மணி நேரத்தில் முடியும். குமட்டினால் அரை மணி நேரம் நிறுத்திவிட்டுத் தொடருங்கள். எல்லாவற்றையும் முந்தின இரவே குடிப்பதைவிட, பாதி இரவு, பாதி விடியற்காலை என்று பிரிப்பதே நல்லது. இரவில் மட்டும் குடித்தால் விடிவதற்குள் சிறுகுடலிலிருந்து இறங்கும் சளி வலப்பக்கக் குடலை மூடிவிடும். கடைசிக் கிளாஸ் பரிசோதனைக்கு 2 மணி நேரம் முன்பாவது முடிய வேண்டும். பயணத்தையும் கணக்குப் பண்ணி, காலை 11 மணிக்குப் பிந்திய நேரமாகக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியில் வெளியேறுவது மஞ்சள் நிறத் தெளிநீராக இருக்க வேண்டும். கலங்கலாகவோ பழுப்பாகவோ இருந்தால் கிளம்பும் முன் வார்டுக்குப் போன் பண்ணுங்கள்.

5. அன்றைக்கு
நாக்கு தடித்திருக்கும், பலருக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடையும் உண்டு. மயக்க மருந்துக்கு முன்பே இரண்டையும் சொல்லுங்கள். தூங்கும்போது மூச்சுக்கு உதவும் சீபாப் கருவி இருந்தால் கையோடு கொண்டு போங்கள்.

ரிப்போர்ட்டில் இரண்டைத் தேடுங்கள்: குழாய் சீக்கம் (பெருங்குடல் தொடங்கும் இடம்) வரை போனதா, குடல் எவ்வளவு சுத்தம் என்று காட்டும் பாஸ்டன் மதிப்பெண் எவ்வளவு. குடலின் மூன்று பகுதிக்கும் தலா 2-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஒரு பகுதி 1 என்றாலும் "பாலிப் இல்லை" என்ற வரியை நம்பி 5 வருடம் விடாதீர்கள். சீக்கிரமே மறுபடி பார்க்கத் தேதி கேளுங்கள்.