ஊட்டி, குன்னூர் பக்கம் வீட்லயே சூப்பர் கார் கட்டணும்னா

எஞ்சின் எது, டயர் எதுன்னு யோசிக்கறதுக்கு முன்னாடி ஒரு டேப்ப எடுத்துட்டுப் போயி ஷெட்டு வாசல்ல இருந்து ரோடு வரைக்கும் அளந்து பாருங்க. மலைல பாதி வீட்டுக்கு வண்டி போற வழியே கெடையாது, ரோடு மேல இருக்கும், வீடு கீழ இருக்கும், நடுவுல படிக்கட்டு. மிட் எஞ்சின் கார்னா, அதாவது சீட்டுக்கு பின்னாடி எஞ்சின் இருக்கற கார்னா, அகலம் 1.8 மீட்டர் கிட்ட வந்துடும், நீளம் 4 மீட்டர தொடும், பாடிய மாட்டுனதுக்கு அப்புறம் அத நாலு பேரு தூக்கிட்டு படி ஏற முடியாது. வழி இல்லன்னா ரோட்டு ஓரமா ஒரு ஷெட்டு வாடகைக்கு புடிங்க, மூடி வெச்ச பழைய எஸ்டேட் குடோன் ஏதாவது தேடுனா அமையும். தரை சிமெண்டா, சமமா இருக்கணும், ஸ்பிரிட் லெவல் வெச்சு பாருங்க. சேசிஸ், அதாவது காரோட எலும்புக்கூடு, நேரா வர்றதும் கோணலா வர்றதும் அந்தத் தரைலதான் இருக்கு.

வெளிநாட்ல இது பழைய பொழப்பு. இங்கிலாந்துல அல்டிமா, அமெரிக்கால ஃபேக்டரி ஃபைவ்னு கம்பெனிங்க சேசிஸ், பாடி எல்லாம் பெட்டில போட்டு அனுப்புவாங்க, ஃபேக்டரி ஃபைவோட ஜிடிஎம்னு ஒரு மாடல்ல கொர்வெட் காரோட எஞ்சினும் சாமானும் போர்ஷே கியர்பாக்ஸும் பொருத்தற மாதிரி இருந்துச்சு. அத இங்க இறக்குமதி பண்ணி, டியூட்டி கட்டி, வி8 எஞ்சின் தேடி... பணம் இருக்கறவங்க பண்ணிக்கட்டும். நான் சொல்லப் போறது இங்கயே கெடைக்கற சாமான வெச்சு கட்டறது.

சட்டத்த பத்தி இப்பவே பேசிடலாம், கடைசில தெரிஞ்சா வயித்தெரிச்சல். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி கம்பெனி குடுத்த விவரத்துக்கும் ஆர்சிக்கும் மாறுபடற மாதிரி வண்டிய மாத்தக் கூடாது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதிப்படுத்திடுச்சு. புது வண்டியா ரெஜிஸ்டர் பண்ணலாம்னா புனேல இருக்கற ஏஆர்ஏஐங்கற வண்டி சோதனை நிறுவனம் மாதிரி எடத்துல மாடல் டெஸ்ட் பாஸ் ஆகணும், அது வீட்ல ஒரே ஒரு கார் கட்டறவனுக்கு ஆகற காரியம் இல்ல. பழைய காரோட ஆர்சிய இதுக்கு ஒட்டிக்கலாம்னு ஒருத்தர் ஐடியா குடுப்பாரு, கேக்காதீங்க, வண்டிய பிரிச்சு அழிச்சுட்டா 14 நாள்ல ஆர்டிஓவுக்கு தெரியப்படுத்தணும்னு 55வது பிரிவு சொல்லுது. ஆக இது டிராக்குல ஓட்டற கார், ரோட்டுல இல்ல. டிராக்கு தூரமும் இல்ல, கோயம்புத்தூர் செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு, 2003ல தொறந்தது, ஒரு ரவுண்டு 2.1 கிலோமீட்டர். அது யார் பேர்ல இருக்கோ அந்த கரிவரதன் மாருதி 800 எஞ்சின வெச்சே ஃபார்முலா மாருதின்னு ரேஸ் கார் கட்டுனவரு, அதனால சின்ன எஞ்சின்னு வெக்கப்பட ஒண்ணுமில்ல.

இப்ப சாமான். பழைய பெட்ரோல் ஸ்விஃப்ட் ஒண்ணு, பின்னாடி இடிபட்டதா பாத்து வாங்குங்க, முன்பக்கம் நல்லா இருக்கணும். வேலையே என்னன்னா அந்த காரோட முன்பக்கத்த, அதாவது எஞ்சின், கியர்பாக்ஸ், அத தாங்கற சப்ஃப்ரேம், ஆக்சில், சஸ்பென்ஷன் மொத்தத்தையும் அப்படியே தூக்கி நம்ம கார்ல சீட்டுக்கு பின்னாடி வெக்கறதுதான். இது ஏதோ நாட்டு வைத்தியம்னு நெனைக்காதீங்க, 1972ல வந்த ஃபியட் எக்ஸ் 1/9, 1984ல வந்த டொயோட்டா எம்ஆர்2, பான்டியாக் ஃபியரோ எல்லாமே முன்சக்கர கார் சாமான பின்னாடி கொண்டு போயி வெச்சதுதான். எஞ்சின் ஏற்கனவே எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சோ அதே பக்கம் பாத்து இருக்கணும், திருப்பி வெச்சீங்கன்னா முன்னாடி போக ஒரு கியரும் ரிவர்ஸ் போக அஞ்சு கியரும் இருக்கும். ஸ்விஃப்ட்ட ஏன் சொல்றேன்னா கியர் கேபிள்ல வேலை செய்யுது, லீவர எங்க வேணா வெச்சு கேபிள வளைச்சு கொண்டு போயிடலாம், பழைய மாருதில எல்லாம் இரும்பு ராடு, அத திருப்பறதுக்குள்ள தாவு தீந்துடும்.

பின்னாடி போன ஸ்விஃப்ட் சாமான்ல, சக்கரத்த திருப்பற ஸ்டீரிங் ராக் இருந்த எடத்துல, அதுல இருந்து சக்கரத்துக்கு போற டை ராட சேசிஸோட அசையாம போல்ட் போட்டு பூட்டணும், இல்லன்னா பின்சக்கரம் தானா திரும்பும், அது எப்படி முடியும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

ஸ்விஃப்ட் எஞ்சினோட 85 குதிரைசக்தில என்ன சூப்பர் காருன்னு சிரிப்பாங்க. ஸ்விஃப்ட் ஆயிரம் கிலோ கிட்ட, நம்மளுது ஒழுங்கா கட்டுனா 650க்கு வந்துடும், கணக்கு போட்டு பாத்துக்கங்க. ஆனா ஊட்டி 2,240 மீட்டர் ஒசரம், ஒவ்வொரு 300 மீட்டருக்கும் டர்போ இல்லாத எஞ்சின் சுமாரா 3 சதவீதம் பலம் இழக்கும், அப்ப இங்க கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு காணாம போயிருக்கும். ஷெட்டுல ஸ்டார்ட் பண்ணி மந்தமா இருக்குன்னு எஞ்சின பிரிக்காதீங்க, கோயம்புத்தூர் எறக்குனா அதே எஞ்சின் வேற மாதிரி பேசும். கார்புரேட்டர் எஞ்சினா இருந்தா இங்க டியூன் பண்ணது அங்க சரிப்படாது, அதனாலயும் பெட்ரோல கம்ப்யூட்டரே அளந்து விடற எம்பிஎஃப்ஐ எஞ்சினே நல்லது.

சேசிஸுக்கு 25க்கு 25 மில்லி ஸ்கொயர் டியூப், 1.6 மில்லி கனம், எல்லா கட்டத்தையும் முக்கோணமா அடைக்கணும், வெறும் சதுரமா விட்டா முறுக்கிக்கும். வெல்டிங் நீங்களே கத்துக்கிட்டா சந்தோஷம், ஆனா சஸ்பென்ஷன் பிராக்கெட்டும் சீட் பெல்ட் மாட்டற எடமும் கை தேர்ந்த ஆளு வெச்சுதான் பண்ணணும். தேயிலை ஃபேக்டரில மெஷின் பாக்கற ஃபிட்டர் அண்ணன்மாருங்க இங்க நெறைய பேரு, அவங்கள கேளுங்க. "அண்ணா, இந்த ஜாயிண்ட ஒரே ஓட்டா ஓட்டிடலாமா"ன்னு கேட்டா "வேணாம் தம்பி, மொதல்ல எல்லாத்தையும் டாக் மட்டும், அங்கங்க சின்ன புள்ளியா, வெப்போம், ஒரு பக்கமே ஓட்டுனா இழுத்துட்டு போயிடும்"னு சொல்றாரு பாருங்க, அவர விடாதீங்க. மிக்னு சொல்ற, கம்பி தானா வர்ற வெல்டிங் மிஷின வாங்கறதுக்கு முன்னாடி ஷெட்டுல வோல்டேஜ் எவ்ளோ வருதுன்னு சாயங்காலம் ஒரு தடவ பாருங்க, லோ வோல்டேஜ்ல மிக் வெல்டிங் உள்ள புடிக்காது, மேல ஒட்டிக்கிட்டு நிக்கும். பனிமூட்டத்துல டியூப் மேல ஈரம் படிஞ்சிருக்கும், தொடச்சு கொஞ்சம் சூடு காட்டாம ஓட்டுனா வெல்டு ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையா வரும். அன்னன்னைக்கு முடிச்ச எடத்துல அன்னைக்கே பிரைமர் அடிங்க, ஜூலைல இங்க ஒரு ராத்திரி போதும் துரு ஏற.

பிரேக்கு. இதுலதான் நெறைய பேரு கோட்ட விடறாங்க. முன்பக்கத்த பின்னாடி கொண்டு போயிட்டோம், அப்ப நம்ம காரோட முன்சக்கரத்துக்கு, அத தாங்கி திரும்பற நக்கிள் வேணும், ஸ்டீரிங் ராக் வேணும், ஸ்விஃப்ட்டோட பின் ஆக்சில் அதுக்கு ஆகாது, அதனால இன்னொரு காரோட முன் நக்கிள் ஒரு ஜோடி, டிஸ்க்கோட தேடணும். வீல் போல்ட் அளவு நாலுக்கும் ஒத்துப் போறதா எடுங்க. அடுத்தது ஹேண்ட்பிரேக். முன்சக்கரத்துல டிஸ்க்க கவ்விப் புடிக்கற காலிப்பர்ல ஹேண்ட்பிரேக் கேபிளே கெடையாது, அத பின்னாடி மாட்டுனா உங்க கார்ல ஹேண்ட்பிரேக்கே இல்ல! சமதரைல இருக்கறவன் கட்டைய வெச்சு சமாளிச்சுக்குவான், நம்ம ஊர்ல ஷெட்டு வாசலே சரிவு. ஹைட்ராலிக் ஹேண்ட்பிரேக்னு ஸ்டைலா ஒரு லீவர் விக்கறாங்க, அது டிரிஃப்ட் அடிக்கறதுக்கு, நிறுத்தி வெக்க இல்ல, பிரஷர் மெதுவா எறங்கிடும். பின் டிஸ்க்குலயே தனியா ஒரு பிராக்கெட் போட்டு கேபிள்ல இழுக்கற சின்ன மெக்கானிக்கல் காலிப்பர் ஒண்ண மாட்டுங்க, அப்புறம் சரிவுல நிறுத்தி, சக்கரத்துக்கு கொஞ்சம் தள்ளி கல்லப் போட்டு, புடிக்குதான்னு பாருங்க.

பெடல மிதிச்சா பிரஷர் குடுக்கற மாஸ்டர் சிலிண்டர் ரெண்டு சர்க்யூட்டா இருக்கணும், ஒண்ணு முன்னாடிக்கு ஒண்ணு பின்னாடிக்கு. பின்னாடி இப்ப பெரிய டிஸ்க்கு இருக்கறதால பின்சக்கரம் முந்தி லாக் ஆகும், பின்லைன்ல பிரஷர கொறைக்கற ப்ரோபோர்ஷனிங் வால்வு போட்டு முன்சக்கரம்தான் மொதல்ல லாக் ஆகற மாதிரி வெக்கணும். டாட் 4 பிரேக் ஆயில் புதுசுல குறைஞ்சது 230 டிகிரில கொதிக்கும், ஈரம் குடிச்சிட்டா அது 155 வரைக்கும் எறங்கிடும். நம்ம ஊரு காத்துல ஈரத்துக்கா பஞ்சம், வருஷம் ஒரு தடவ மாத்திடுங்க, தொறந்து வெச்ச டின்ன மறுபடி ஊத்தாதீங்க.

அடுத்து பாடி. ஃபைபர் வேலைக்கு மலைல பிப்ரவரில இருந்து மே வரைக்கும்தான் காலம். டிசம்பர், ஜனவரி உறைபனி, ஜூன்ல இருந்து தென்மேற்கு மழை, அது விட்டா குன்னூர் கோத்தகிரிக்கு வடகிழக்கு மழை. 15 டிகிரிக்கு கீழ பாலியெஸ்டர் ரெசின் ஒழுங்கா காயாது, மேல காஞ்ச மாதிரி இருந்துட்டு விரல் வெச்சா பிசுபிசுன்னு இருக்கும். அதனால சேசிஸ் வேலைய மழைக்காலத்துல முடிச்சுட்டு பாடிய வெயிலுக்கு வெச்சுக்கங்க. ஷெட்டுக்குள்ள சூடு வேணும்னு வீட்ல வெக்கற மாதிரி கரி அடுப்ப கொண்டு வந்து வெச்சுடாதீங்க சாமி, ரெசின் ஆவியும் அசிட்டோனும் இருக்கற எடம் அது, ஆயில் ஹீட்டர் போதும், கதவ கொஞ்சம் தொறந்து வெச்சு நல்ல மாஸ்க் போட்டுக்கங்க.

உருவத்த பிளைவுட் பலகைல வெட்டி நிறுத்தி, நடுவுல பியூ (பாலியூரித்தேன்) ஃபோம் அடைச்சு, மேல பட்டி போட்டு தேய்க்கணும். தெர்மாகோல் சீப்னு போட்டா அது மேல பாலியெஸ்டர் ரெசின் பட்டதும் கரைஞ்சு போயிடும். அதுக்கு மேல வேக்ஸ், மோல்டு, வெளிப்பூச்சான ஜெல்கோட், கண்ணாடி நார் மேட்டுல சதுர மீட்டருக்கு 300 கிராம் மேட்டு ஒண்ணு, 450 கிராம் மேட்டு ரெண்டுன்னு போகும். கலக்கறப்ப மட்டும் கவனம். ரெசின் சீக்கிரம் காய சேக்கற கோபால்ட்ட மொதல்ல ரெசின்ல ஊத்தி நல்லா கலக்கிட்டு அப்புறம்தான் அத கெட்டியாக்கற கேட்டலிஸ்ட், அது 1ல இருந்து 2 சதவீதம். கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேரா சேந்தா வெடிக்கும், ரெண்டு பாட்டிலையும் ஒரே அலமாரில கூட வெக்காதீங்க. லம்போர்கினி மாதிரி கோடு இழுக்கறது உங்க இஷ்டம், ஆனா அந்த மாடு லோகோவ மட்டும் ஒட்டாதீங்க, பாக்க சகிக்காது.

கூலிங்ல ரேடியேட்டர் முன்னாடி, எஞ்சின் பின்னாடி, நடுவுல நீளமா பைப்பு, கண்டிப்பா உள்ள காத்து சிக்கி ஏர் லாக் ஆகும். இதுல மட்டும் மலை நமக்கு சாதகம், காரோட மூக்கு மேட்ட பாத்து நிக்கற மாதிரி சரிவுல நிறுத்தி ரேடியேட்டர் மேல இருக்கற காத்து ஸ்க்ரூவ தொறந்துட்டு கூலண்ட் ஊத்துங்க, காத்து தானா வெளிய வந்துடும். வெறும் தண்ணி ஊத்தாதீங்க, ஊட்டில தண்ணி 93 டிகிரி கிட்டயே கொதிச்சுடும், மூடியும் நல்ல மூடியா போடுங்க. வயரிங்குக்கு பழைய காரோட வயர் கட்ட, அதாவது ஹார்னஸ, வெட்டாம எடுத்து ஒவ்வொரு பிளக்குலயும் மாஸ்கிங் டேப் ஒட்டி பேர் எழுதிக்கங்க, இசிஎம்ங்கற எஞ்சின் கம்ப்யூட்டர், சாவி, சாவிய அடையாளம் பாக்கற இம்மொபிலைசர் மூணும் ஒரே கார்ல இருந்து வரணும், சாவி இல்லாத எஞ்சின் எவ்ளோ மலிவா வந்தாலும் வேணாம். டேங்க் சீட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவுல, உள்ள தடுப்பு தகடோட, எஞ்சின் பக்கம் தீய தடுக்கற ஃபயர்வால்.

கீழ எறக்கறதுக்கு ரெக்கவரி வண்டி, பிளாட் பெட், சக்கரத்த நாலு பக்கமும் பெல்ட் போட்டு கட்டி, கியர்லயும் விட்டு கல்லும் வெச்சு. சீசன் டைம்ல மேல ஏற குன்னூர் வழி, எறங்க கோத்தகிரி வழின்னு ஒன்வே போட்டுடுவாங்க, மே மாசத்த தவிர்த்துட்டா நிம்மதி. மேட்டுப்பாளையம் எறங்குனதும் ஒரு தடவ நிறுத்தி பெல்ட்ட இறுக்கிட்டு, பிரேக் லைன் ஜாயிண்ட் எல்லாத்தையும் டிஷ்யூ பேப்பர்ல தொடச்சு கசிவு இருக்கான்னு பாத்துக்கங்க. டிராக்குல மொத ரவுண்டு ரெண்டாவது கியர தாண்டாதீங்க, நிறுத்தி நாலு டிஸ்க்கு பக்கமும் கைய கிட்ட கொண்டு போயி சூடு பாருங்க, தொட்டுடாதீங்க, இடது வலது ஒரே மாதிரி இருக்கணும். ஒரு பக்கம் மட்டும் கொதிச்சா காலிப்பர் ஒட்டிக்கிட்டு இருக்கு, அத சரி பண்ணிட்டுதான் மூணாவது கியரு.